மாம்பழமும் லட்டும்: கார்ட்டூன் படங்களில் ஆணும் பெண்ணும்

(மக்கள் தொடர்புப் பணியில் ஈடுபட்டுள்ள அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரு கிராமத்து வீட்டில் மாம்பழம் ஒன்று பங்கிடப்படுகிறது. பெரிய பங்கு தம்பிக்கும் சிறிய பங்கு அக்காவுக்கும் போகின்றன. ஏன் இவ்வாறு என்று அக்கா கேட்கிறாள். ஆண்பிள்ளை வளர வேண்டியவன், அவனுக்குத்தான் அதிகம் வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்கள் தரும் விடை. வீட்டில் அதிக வேலை செய்பவள் தானே என்று அவள் வாதாடுகிறாள். முடிவில், ஒரு நாள் மட்டும் வேலைகளையும் உணவுப் பங்கையும் இருவரும் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடாகிறது. மாடு மேய்க்கும் பொறுப்பு அக்காவுக்கு வருகிறது. பெருக்குவது, தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆகியவை தம்பியின் தலையில் விழுகின்றன. மாலையில் அவன் களைத்து வருகிறான். அவனுக்குக் கிடைப்பதோ அக்காவின் சிறிய பங்கு.

'மீனா' என்னும் கார்ட்டூன் தொடரின் ஒரு கதை இது. 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப், தெற்காசிய நாடுகளின் பெண் குழந்தைகளை மனத்திற் கொண்டு இத்தொடரை உருவாக்கியது. பெண் குழந்தைகளின் உரிமைக்காக எடுக்கப்பட்ட தொடர் என்றே மீனா பொதுவாகப் பேசப்படுகிறது. அது சரியே. ஆயினும் மேற்கண்ட கதையில் உண்மையில் மாறுகிறவர் யார் என்று கேட்டால் விடை வேறாக அமைகிறது. மீனா தொடக்கத்திலேயே தெளிவாக இருக்கிறாள். தன் பங்கு குறைவு என்பதும், தன் வேலை மிகுதி என்பதும் அவளுக்குத் தெரியும். மாறுகிறவன் தம்பி ராஜு. அவனுடைய களைப்பும் பசியும்தான் கதையைத் திருப்புகின்றன.

பெண்ணின் நிலை உயர வேண்டும் என்று எடுக்கப்படும் படங்களில் பையன் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறான் என்பதே இவ்வுரையின் பொருள். வளர்ச்சித் துறையில் பணிபுரிவோர் இதுவரை அதிகம் கவனியாத பகுதி இது. சுவரொட்டியிலும் குறும்படத்திலும் பெண் குழந்தைக்கு இடம் தந்தாயிற்று. பையனை மட்டும் வணிகத் தொலைக்காட்சியின் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிறோம்.

கோடுகளில் தற்செயல் இல்லை

கார்ட்டூன் படத்தை இவ்வளவு தூரம் ஆராய வேண்டுமா, அது குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும் பொழுதுபோக்குத்தானே என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணத்தையே விடையாகக் கூறலாம். காமிராவை ஒரு தெருவில் வைத்துப் படம் எடுத்தால், இயக்குநர் நினைக்காத பலவும் படத்தில் வந்து விழுகின்றன. குடம் சுமந்து செல்லும் ஒரு பெண் தற்செயலாகக் குறுக்கே வரலாம். திண்ணையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாத்தாவும் வரலாம். கார்ட்டூன் படத்தில் அதற்கு வழியில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நினைத்து வரைந்தாக வேண்டும். விநாடிக்கு 24 கட்டங்கள் என்ற கணக்கில் ஒரு குடத்தைப் பெண்ணின் இடுப்பில் வரைந்துகொண்டே போகும் ஓவியர், அதை அங்கே வைப்பதென்று முடிவு செய்தே வரைகிறார். பல வேளைகளில் அது முடிவு என்பதே அவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதில் சிக்கல். சமுதாயத்தில் ஊறிக் கிடக்கும் எண்ணம், கேள்வி இல்லாமலே கையின் வழியாகத் தாளில் இறங்கிவிடுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. சித்திரம் சுருக்கிக் காட்டும் கலை. அகன்ற தோள், முறுக்கிய மீசை, ஓங்கிய முட்டி என்று நாலு கோட்டில் ஆண் உருவாகிவிடுகிறான். இமை முடி, வளையல், ரிப்பன் என்று மூன்று கோட்டில் பெண்ணும் உருவாகிவிடுகிறாள். உருவத்தைச் சுருக்கும்போது குணத்தையும் சேர்த்துச் சுருக்குவது எளிதாகிவிடுகிறது. எழுத்தறியாத குழந்தைக்கும் இது விளங்குகிறது என்பதே கார்ட்டூன் படத்தின் ஆற்றல். அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அரசு எடுத்த முதற் படங்கள்

நம் நாட்டில் கார்ட்டூன் படத்தின் முறையான தொடக்கம் அரசின் கையிலேயே நிகழ்ந்தது என்பதை இளைய தலைமுறை அலுவலர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1948இல் நிறுவப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன், 1956ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு கார்ட்டூன் படப் பிரிவைத் தொடங்கியது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றியவரும் இந்தியாவில் பிறந்தவருமான கிளேர் வீக்ஸ், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்து இங்குள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் மீனாவுக்கு உருவம் கொடுத்த ராம் மோகன். பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பிரிவில் 1957இல் உருவான 'தி பான்யன் டீர்' என்னும் படம் ஒரு புத்த ஜாதகக் கதையைத் தழுவியது. அரசனின் சமையலறைக்கு நாள்தோறும் ஒரு மான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் சூல் கொண்ட பெண்மான் ஒன்றின் முறை வருகிறது. அதற்குப் பதிலாக மான் கூட்டத்தின் தலைவன் தானே போய் வெட்டுமரத்தில் தலை வைக்கிறான். அதைக் கண்ட அரசன் மனம் மாறுகிறான். இந்த ஜாதகக் கதையின் தலைவன் யாரையும் அடித்து வீழ்த்துவதில்லை. அவனுடைய வலிமை விட்டுக்கொடுப்பதில் வெளிப்படுகிறது. அரசுப் பிரிவு தன் தொடக்கத்திலேயே இப்படி ஒரு கதையை எடுத்துக்கொண்டது திட்டமிட்டு நடந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் பின்னாளில் வந்த வீரர்களோடு ஒப்பிடும்போது அது நினைவிற்கு வராமல் இருப்பதில்லை.

1974இல் வந்த 'ஏக் அநேக் அவுர் ஏகதா' என்னும் குறும்படம் தூர்தர்ஷன் வழியாக நாடெங்கும் பரவியது. விஜயா மூலே இயக்கத்தில், பீம்சேனின் சித்திரங்களோடு வெளிவந்தது அது. தேசிய ஒருமைப்பாட்டைக் கூறும் படம் என்றே அது நினைக்கப்படுகிறது. ஆனால் 'ஒன்று' என்றால் என்ன, 'பல' என்றால் என்ன என்று கேட்பவன் தம்பி; விளக்கிச் சொல்பவள் அக்கா. அறிவு பெண்ணிடமிருந்து பையனுக்குப் போகிறது. அவனும் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்கிறான். இதைப் பற்றி அப்படம் எந்தப் பிரசாரமும் செய்யவில்லை. பெண்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. அதனாலேயே அது ஆழமாகப் பதிந்தது என்று கருத இடமுண்டு.

வணிகம் வகுத்த ஆண்மை

மேலை நாட்டில் இக்கலை வேறு பாதையில் சென்றது. 1929இல் எல்சி செகார் என்னும் ஓவியர் செய்தித்தாள் சித்திரக் கதையில் படைத்து, 1933 முதல் திரையில் உலவிய பாப்பாய் என்னும் மாலுமி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முரடன் ஒருவன் ஆலிவ் என்னும் பெண்ணைத் தூக்கிச் செல்வான். பாப்பாய் அடி வாங்குவான். தகர டப்பாவிலிருந்து பசலைக் கீரையை விழுங்குவான். உடனே புயம் பருக்கும். முரடன் பறந்துபோய் விழுவான். கீரையின் பெருமையைக் குழந்தைகளுக்கு உணர்த்தினான் என்று அவனைப் பாராட்டுவோர் உண்டு. கீரை உண்பது உடலுக்கு நல்லது என்பதோடு, உண்ட வலிமை இன்னொருவனை அடிப்பதற்கே என்பதும் சேர்ந்தே ஊட்டப்பட்டது.

1980களில் பொம்மை வியாபாரம் இதற்குள் முழுமையாக நுழைந்தது. மாட்டெல் நிறுவனம் 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஹீ-மேன்' பொம்மைகளுக்காக 1983இல் அதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டது. குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பர நேரக் கட்டுப்பாட்டை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1984இல் நீக்கியது. 1985இல் சிறுமிகளுக்கென்று 'ஷீ-ரா' வந்தாள். கடையில் பையன்களுக்கு ஓர் அலமாரி, சிறுமியர்க்கு ஓர் அலமாரி என்று சந்தையை இரண்டாக வகுத்தால் ஒரே வீட்டில் இரண்டு தொகுதி பொம்மைகளை விற்கலாம் என்பது பொருளாதாரம் படித்தோர்க்கு எளிதில் விளங்கும் கணக்கு. ஆண்மை இன்னது, பெண்மை இன்னது என்று பிரித்துக் காட்டுவது பண்பாட்டு விவகாரமாக மட்டும் இல்லாமல் விற்பனை முறையாகவும் ஆயிற்று.

1991இல் அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட், நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கருத்தை எழுதினார். பல பையன்களும் ஒரே ஒரு சிறுமியும் கொண்ட கூட்டமே குழந்தைகள் படங்களில் வழக்கமாக இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஸ்மர்ஃப் என்னும் நீலநிறக் குள்ளர்களின் ஊரில் இருந்த ஒரே பெண்ணான ஸ்மர்ஃபெட்டின் பெயரால் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். இத்தகைய கூட்டத்தில் ஒருவன் அறிவாளி, ஒருவன் சோம்பேறி, ஒருவன் கோபக்காரன் என்று பையன்களுக்குத் தனித்தனிக் குணங்கள் இருக்கும். சிறுமிக்குப் பெண்ணாக இருப்பதே குணம். இதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை வகைப் பையன்கள் இருந்தும் தலைவன் என்னும் இடம் வலியவனுக்கே உரியதாகிறது. மற்றவர்கள் சிரிப்பதற்காக இருக்கிறார்கள். மெலிந்த பையனும் அழும் பையனும் படம் பார்க்கும்போது தம்மை எங்கே காண்பார்கள்?

தோலக்பூர் லட்டு

இந்தியக் குழந்தைகளுக்கு இந்திய வீரன் கிடைத்தது 2008ஆம் ஆண்டில். ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா தொடங்கிய கிரீன் கோல்டு நிறுவனம் தயாரித்த 'சோட்டா பீம்' தொடர் அவ்வாண்டு போகோ தொலைக்காட்சியில் வெளிவரத் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலித்து, வெளிநாட்டுத் தொடர்களே ஆண்டுகொண்டிருந்த திரையில் தன் இடத்தைப் பிடித்தது. புத்தகப் பை, தண்ணீர்ப் புட்டி, பென்சில் டப்பா எங்கும் அவன் முகம். நம் நாட்டிலேயே வரைந்து நம் நாட்டிலேயே விற்று வெற்றி காண முடியும் என்று இத்துறைக்கு நம்பிக்கை அளித்தது அத்தொடர்தான். அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.

பீமும் கெட்ட பையன் அல்லன். எளியோரைக் காக்கிறான், நண்பர்களை விட்டுக்கொடுப்பதில்லை, தற்பெருமை பேசும் காலியாவைக் காட்டிலும் எவ்வளவோ மேலானவன். ஆயினும் ஊரில் எந்தத் தொல்லை வந்தாலும் தீர்வு அவன் கைமுட்டியில்தான் இருக்கிறது. அரசர் இந்திரவர்மா இருக்கிறார். ஆனால் ஊர் கூடி யோசித்துத் தீர்த்த சிக்கல்களைவிட ஒருவன் இடித்துத் தீர்த்த சிக்கல்களே தோலக்பூரில் மிகுதி.

அந்த முட்டிக்கு வலு எங்கிருந்து வருகிறது? லட்டிலிருந்து. பாப்பாய் விழுங்கிய கீரை டப்பாவில் அடைத்து வந்தது. அதைச் சமைத்தவர் யார் என்ற கேள்வி எழவில்லை. லட்டு அவ்வாறு வருவதில்லை. டுன்டுன் மவுசி என்னும் பெண் கடை வைத்து அதைச் செய்கிறாள். பீம் அவ்வப்போது கேட்காமலே எடுத்துத் தின்கிறான், அவள் துரத்துகிறாள், பார்ப்பவர் சிரிக்கிறார்கள். அவளுடைய மகள் சுட்கி, பீமின் கூட்டத்தில் வழக்கமாக உடனிருக்கும் சிறுமி. சண்டை முற்றும் வேளையில் லட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். தாய் செய்கிறாள், மகள் பரிமாறுகிறாள், மகனைப் போன்றவன் உண்டு வலிமை பெறுகிறான் என்பதே அங்குள்ள ஏற்பாடு. சுட்கி துணிச்சலும் அறிவும் உள்ளவளாகப் பல கதைகளில் காட்டப்படுகிறாள் என்பது உண்மை. ஆனால் லட்டைத் தின்றதும் அவளுடைய புயம் பருப்பதை வழக்கமாகக் காட்டுவதில்லை.

2012இல் தொடங்கிய 'மோட்டு பத்லு' தொடரிலும் இதே ஏற்பாடு சமோசாவாக வருகிறது. வயிறு காலியாக இருந்தால் மோட்டுவுக்கு மூளை ஓடாது. சமோசா உள்ளே போனதும் வீரம் வந்துவிடும். உணவு, ஆண், வலிமை என்னும் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை மறுபடி மறுபடி காணும் குழந்தைக்கு, மாம்பழத்தின் பெரிய பங்கு யாருக்கு என்ற கேள்வியே தோன்றாது போகலாம்.

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. சோட்டா பீமுக்குப் பெயர் தந்த மகாபாரத வீமன், அஞ்ஞாத வாசத்தின் ஓராண்டை விராட மன்னனின் மடைப்பள்ளியில் சமையற்காரனாகக் கழித்தவன். சுவையான சமையலை நளபாகம், வீமபாகம் என்று இன்றும் நம் வீடுகளில் பாராட்டுகிறோம். இரண்டும் ஆண்களின் பெயர்கள். அதே ஆண்டில் அர்ச்சுனன் பிருகன்னளையாக இளவரசிக்கு ஆடல் பயிற்றினான். அடுப்படியில் நிற்பதாலோ சதங்கை கட்டுவதாலோ தங்கள் வீரம் குறைந்துவிடும் என்று இதிகாச வீரர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை. பழைய கதையில் இருந்த பரப்பு புதிய சித்திரத்தில் சுருங்கிவிட்டது. கரண்டி பிடித்த பீமனை வரைய யாருக்கும் தோன்றாமற் போனதற்கு மரபைக் காரணம் காட்ட இயலாது.

கணக்கில் தெரியும் பங்கு

கார்ட்டூன் படமே சமுதாயத்தைக் கெடுத்தது என்று சொல்வது மிகை. படம் சமுதாயத்திலிருந்து எடுத்ததையே திருப்பித் தருகிறது. எடுத்தது எது என்பதைத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அவ்வேலைகளில் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88 என்று இருந்தன. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. ராஜு ஒரு நாள் செய்து பார்த்த வேலை, மறுநாள் மீண்டும் மீனாவிடமே வந்துவிட்டது போலும்.

உணவுப் பங்கின் விளைவை உடல் காட்டிக்கொடுக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினரும், அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினரும் இரத்த சோகை உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டது. மாதவிடாய், மகப்பேறு முதலிய உடற்கூற்றுக் காரணங்கள் இதில் உண்டு. எனினும் கடைசியில் உண்பவள், மிஞ்சியதை உண்பவள் யார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. 1995ஆம் ஆண்டு நாடு தழுவிய அளவில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்று கிடையாது. பள்ளிக்கூடத்து வரிசையில் சமமாக அமர்ந்து உண்ட இருவரும் வீடு திரும்பியதும் வேறு வேறு அளவுக்கு ஆளாகிறார்கள். அந்த வீட்டு வாசலுக்குள் அரசாணை நுழைய முடியாது. ஒரு கதை நுழையலாம்.

ராஜுவின் இடம்

மீனாவை உருவாக்கியவர்கள் இதைப் புரிந்து செயல்பட்டனர். சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைப் பத்தாண்டாக அறிவித்திருந்த சூழ்நிலை அது. வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் குழந்தைகளையும் பெற்றோரையும் நேரில் கேட்டு, படங்களைக் காட்டிக் கருத்தறிந்து, பெயரையும் முகத்தையும் உடையையும் முடிவு செய்தனர். எந்த நாட்டிலும் வேற்றாளாகத் தோன்றாதிருக்க மீனாவுக்கு நீண்ட பாவாடை அமைந்தது. தம்பி ராஜு, குட்டித் தங்கை ராணி, மிட்டு என்னும் கிளி ஆகியோர் உடன் வந்தனர். வானொலித் தொடராகவும் மீனா ஒலித்தாள்.

ராஜுவை வில்லனாக்காமல் விட்டதே இத்தொடரின் சிறந்த முடிவு என்று கூறலாம். சலுகை பெறும் பையனைப் பேராசைக்காரனாகக் காட்டியிருந்தால், பார்க்கும் பையன்கள் அவனை வெறுத்துவிட்டுத் தம்மை நல்லவர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். ராஜு நல்லவன், அக்காவிடம் அன்புள்ளவன், ஆனால் கவனித்ததில்லை. பெரும்பாலான ஆண்களின் நிலையும் அதுவே. குறும்படம் எடுக்க முற்படும் துறைகள் பலவும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. குடிகாரக் கணவன், கொடுமைக்கார மாமனார் என்று ஒரு கொடியவனை நிறுத்தினால்தான் கதை நடக்கும் என்று நினைக்கிறார்கள். கொடியவனைக் கண்டு சாதாரண ஆண் எதையும் கற்பதில்லை.

இத்தொடருக்கும் குறைகள் உண்டு. 'கோழிக் குஞ்சுகளை எண்ணுதல்' பற்றிய கதையில் பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, கிளியை வகுப்பறைக்கு அனுப்பி அதன் வாயிலாக எண்ணக் கற்கிறாள். கோழிகள் குறைவதைக் கணக்கிட்டுத் திருடனைக் கண்டுபிடிக்கிறாள். அதன்பின் அவளுக்குப் பள்ளி வாசல் திறக்கிறது. கதை சுவையானது, கணக்கும் பயன்பட்டது. ஆனால் திருடன் வராத வீட்டுச் சிறுமி என்ன செய்வாள்? ராஜு பள்ளிக்குப் போக எந்தத் திருடனையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மாம்பழக் கதையிலும் சம வேலைக்குச் சம உணவு என்னும் வாதம் மறைந்திருக்கிறது. அப்படியானால் நோயுற்றுப் படுத்திருக்கும் சிறுமியின் பங்கு எவ்வளவு? பெண்கல்வியால் வருமானம் உயரும், பிறப்பு விகிதம் குறையும், குழந்தை இறப்புக் குறையும் என்று பயனைக் காட்டியே திட்ட அறிக்கைகள் வாதாடி வந்திருக்கின்றன. அவை யாவும் மெய்யே. எனினும் பையனின் உணவுக்கும் கல்விக்கும் இத்தகைய நியாயம் எதையும் எந்த அறிக்கையும் தேடியதில்லை.

ராஜஸ்தானத்துப் பள்ளிகளில் மீனாவின் பெயரோடு ராஜுவின் பெயரையும் சேர்த்து 'மீனா–ராஜு மன்றம்' அமைத்தார்கள். மற்ற பல இடங்களில் மீனா மன்றம் என்ற பெயரே வழங்கிற்று. பெயரில் ஒரு சொல் கூடியதால் மட்டும் பையன்கள் மாறிவிடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் சிறுமிகள் மட்டும் தனி அறையில் கூடித் தங்கள் உரிமையைத் தெரிந்துகொண்டு, அது தெரியாத தம்பிகளும் அப்பாக்களும் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவது பாதி வேலையே.

கதைப்பலகை மேசைக்கு வரும்போது

இவ்வகுப்பில் உள்ளோர் பலரின் மேசைக்கும் என்றேனும் ஒரு கார்ட்டூன் குறும்படத்தின் முன்வரைவு வரும். தடுப்பூசி பற்றியோ, கழிப்பறை பற்றியோ, தண்ணீர்ச் சிக்கனம் பற்றியோ இருக்கலாம். துறைக்கு வேண்டிய செய்தி சரியாக இருக்கிறதா, திட்டத்தின் பெயர் பிழையின்றி இருக்கிறதா, சின்னம் உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பம் இடுவதே வழக்கம். ஆண்–பெண் பற்றிய படமாக இருந்தால் மட்டும் அந்தக் கண்ணோடு பார்ப்போம். தண்ணீர்ப் படத்தில் அதைத் தேட மாட்டோம். உண்மையில் தண்ணீர்ப் படத்தில்தான் அது ஒளிந்திருக்கும். குழாயடியில் வரிசையில் நிற்போர் அனைவரும் பெண்களாகவும், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு அவர்களுக்கு எடுத்துரைப்பவர் ஆணாகவும் இருப்பர். தடுப்பூசிப் படத்தில் குழந்தை அம்மாவின் இடுப்பிலேயே இருக்கும். அப்பா வாசலில் நின்று கையசைப்பார். விவசாயி என்றால் தலைப்பாகையும் மீசையும் தானாக வந்துவிடும். கதை சொல்லும் பின்னணிக் குரலும் பெரும்பாலும் ஆணின் கனத்த குரலே.

இவற்றைத் திருத்துவதற்கு உரிய வேளை கதைப்பலகை நிலைதான். காட்சிகள் சிறு சிறு கட்டங்களாகத் தாளில் வரைந்து வைக்கப்பட்டிருக்கும் அந்த நிலையில், பெண்ணின் இடுப்பிலிருந்து குடத்தை அழித்துப் பையனின் தோளில் வரைய ஒரு பென்சிலும் ரப்பரும் போதும். படம் முழுதும் அசைவு பெற்று, குரலும் இசையும் சேர்ந்துவிட்ட பிறகு அதே மாற்றத்தைக் கேட்டால் தயாரிப்பாளர் கூடுதல் தொகை கேட்பார்; நிதிப் பிரிவு காரணம் கேட்கும்; நிதியாண்டு முடியப்போகிறது என்று படம் அப்படியே போய்விடும். எனவே ஒப்பந்த நிபந்தனைகளிலேயே கதைப்பலகையைத் துறையிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்று எழுதிக்கொள்வதும், அந்தக் கூட்டத்திற்கு வட்டார அளவில் பணிபுரியும் அங்கன்வாடி ஊழியர் ஒருவரையும் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் அழைப்பதும் நல்லது. இயலுமானால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் நால்வருக்கும் சிறுமியர் நால்வருக்கும் அதைத் தனித்தனியே காட்டி, இந்தக் கதையில் நீ யாராக இருக்க விரும்புகிறாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சிறுமியருள் சிலர் வீரனின் பெயரைச் சொல்லக்கூடும். பையன்களில் ஒருவனாவது குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பாத்திரத்தின் பெயரைச் சொல்கிறானா என்று பார்க்க வேண்டும். சொல்லவில்லை என்றால், அப்படிப்பட்ட பாத்திரம் அந்தக் கதையில் இருக்கிறதா என்று கட்டங்களை மறுபடி புரட்டிப் பார்க்கலாம்.